கமக ஒலித்தொகுப்பு

கமக ஒலித்தொகுப்பு என்பது கருநாடக இசையின் சுரங்களை அவற்றுக்குரிய அசைவுகளோடு மின்னணுக் கருவிகள் மூலமோ கணினி மென்பொருள்கள் மூலமோ உருவாக்கும் நுட்பம் ஆகும். இங்கு ஒலித்தொகுப்பு என்னும் சொல் பாடல்களின் தொகுதியைக் குறிப்பதன்று. ஒலியலையைக் கணக்கிட்டுச் செயற்கையாக ஆக்குவதைக் குறிக்கின்றது. இவ்வேலையைச் செய்யும் கருவி ஒலித்தொகுப்பி (சிந்தசைசர்) எனப்படுகின்றது.

மேனாட்டு இசைக்காக வடிவமைக்கப்பட்ட ஒலித்தொகுப்பிகளும் எண்ணிம இசைக் கருவிகளும் பெரும்பாலும் ஒரு சுரத்தை ஒரு நிலையான அதிர்வெண்ணாகக் கொள்கின்றன. கருநாடக இசையில் பல சுரங்கள் ஒரு புள்ளியில் நில்லாமல் ஒரு பாதையில் நகர்கின்றன. இந்நகர்வே கமகம் ஆகும். பொதுவான சுரங்களைக் கொண்ட இராகங்களைக் கேட்போர் வேறுபடுத்தி அறிவதற்குக் கமகம் முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஆகவே கமகம் நீங்கிய தோடி, சுரங்கள் யாவும் சரியாக இருப்பினும் தோடியாகக் கேட்பதில்லை. ஒரு சுரத்தின் பாதையைக் கணினிக்கு எவ்வாறு எழுதிக் காட்டுவது என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வியாகும். இக்கேள்வி கணினியினும் பழமையானது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில் 1904 இல் அச்சான ஒரு நூல் இதற்கு ஒரு விடையைத் தந்தது.

கமகமும் அதிர்வெண்ணும்

இசையில் சுர இடைவெளிகளை அளக்கச் சென்ட் என்னும் அலகு பயன்படுகின்றது. ஒரு ஸ்தாயி 1200 சென்ட் கொண்டது. சம பகுப்பு முறையில் ஸ்தாயி 12 சமமான பகுதிகளாகப் பிரிக்கப்படுவதால் அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடையே 100 சென்ட் இருக்கும். ஆதார ஷட்ஜத்தின் அதிர்வெண் தெரிந்தால், அதனை 2 இன் (சென்ட் ÷ 1200) ஆம் அடுக்கால் பெருக்கி வேண்டிய சுரத்தின் அதிர்வெண்ணைப் பெறலாம். ஒரு கட்டைச் சுருதியில் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 261.6 ஹெர்ட்ஸ் எனக் கொண்டால், தோடி இராகத்தின் முதல் நான்கு சுரங்கள் சம பகுப்பு முறையில் பின்வருமாறு அமையும்:

- ஷட்ஜம்: 0 சென்ட், 261.6 ஹெர்ட்ஸ்
- சுத்த ரிஷபம்: 100 சென்ட், 277.2 ஹெர்ட்ஸ்
- சாதாரண காந்தாரம்: 300 சென்ட், 311.1 ஹெர்ட்ஸ்
- சுத்த மத்திமம்: 500 சென்ட், 349.2 ஹெர்ட்ஸ்

இப்பட்டியலின்படி காந்தாரம் 311.1 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டும். ஆனால் தோடியைப் பாடுவோர் காந்தாரத்தைப் பெரும்பாலும் அவ்விடத்தில் நிறுத்துவதில்லை. குரல் சுத்த ரிஷபத்தின் அருகிலிருந்து சுத்த மத்திமத்தின் அருகு வரை ஏறி இறங்குகின்றது. பாடகரும் கேட்பவரும் இவ்வசைவு முழுவதையும் "க" என்னும் ஒரே சுரமாகக் கொள்கின்றனர்.

8 ஆவது மேளமாகிய தோடியிலும், 20 ஆவது மேளமாகிய நடபைரவியில் பிறந்த பைரவியிலும், 22 ஆவது மேளமாகிய கரகரப்பிரியாவிலும் சாதாரண காந்தாரமே வருகின்றது. மூன்றிலும் அதன் அசைவு வெவ்வேறானது. சுரத்தானத்தை மட்டும் அறிந்த மென்பொருளுக்கு இம்மூன்று காந்தாரங்களும் ஒன்றே.

முன்வரலாறு

வயலினும் ஆர்மோனியமும்

வெளியிலிருந்து வந்த இசைக்கருவிகளைக் கருநாடக இசை ஏற்றுக்கொண்டதற்கும் விலக்கியதற்கும் கமகம் ஓர் அளவுகோலாக இருந்துள்ளது. மெட்டுகள் இல்லாத வயலினில் விரலைத் தந்தியின் மேல் தடையின்றி நகர்த்தலாம். இக்கருவியைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் முன்னோடியாகக் கருதப்படுகின்றார். இவர் எட்டயபுரம் அரசவையில் இருந்தவர். வயலின் இன்று கச்சேரிகளின் இன்றியமையாத பக்கவாத்தியம் ஆகும்.

ஆர்மோனியம் இதற்கு மாறான நிலையை அடைந்தது. அதன் கட்டைகள் நிலையான சுரங்களை மட்டுமே தருவன. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல இயலாது. இக்குறையைச் சுட்டிய எதிர்ப்பின் விளைவாக அனைத்திந்திய வானொலி 1940 ஆம் ஆண்டு ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971 இல் அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. மின்னணு விசைப்பலகைகள் பரவியபோது எழுந்த விவாதம் ஆர்மோனியம் பற்றிய விவாதத்தின் தொடர்ச்சி எனலாம்.

எட்டயபுரம் நூல்

கருநாடக இசையைக் காகிதத்தில் முழுமையாகப் பதியும் முயற்சிகள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றன. ஏ. எம். சின்னசாமி முதலியார் கருநாடக இசைப் பாடல்களை ஐரோப்பிய ஐந்துகோட்டுக் குறியீட்டில் எழுதிச் சென்னையில் 1893 இல் வெளியிட்டார். ஐந்துகோட்டுக் குறியீடு சுரங்களின் இடத்தையும் கால அளவையும் தெளிவாகக் காட்டுவது. எனினும் சுரங்களுக்கு இடையேயான நகர்வை அதில் எழுதுவது கடினம்.

பாலுசுவாமி தீட்சிதரின் பேரனும் வளர்ப்பு மகனுமான சுப்பராம தீட்சிதர் (1839–1906) சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலும் எட்டயபுரம் அரண்மனையின் ஆதரவாலும் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் நூலை எழுதினார். தெலுங்கு எழுத்தில் அமைந்த இந்நூல் 1904 இல் எட்டயபுரத்தில் அச்சிடப்பட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கிருதிகள் இதில் சுரக் குறியீட்டுடன் இடம்பெற்றுள்ளன. பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாதமி இதனைத் தமிழில் வெளியிட்டது.

சுர எழுத்துகளோடு கமகங்களுக்கும் தனித்தனி அடையாளங்களை இட்டது இந்நூலின் சிறப்பாகும். கம்பிதம், ஸ்புரிதம், பிரத்யாகதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஒரிகை முதலியவை அவ்வாறு குறிக்கப்பட்டன. இவற்றுட் சில, வீணையில் கைவிரல் செய்யும் செயலையே விளக்குகின்றன. எடுத்துக்காட்டாக, ஒதுக்கல் என்பது ஒரு மெட்டில் நின்றவாறே தந்தியை இழுத்து அடுத்த சுரத்தைப் பெறுவதாகும். அதாவது இந்நூல் சுரத்தின் பெயரையும் அச்சுரத்தை உண்டாக்கும் இயக்கத்தையும் வெவ்வேறாகப் பதிவு செய்கின்றது. இன்றைய கமக ஒலித்தொகுப்பு மென்பொருள்களும் இதே பகுப்பையே கொண்டுள்ளன.

ஆயினும் அடையாளங்களைப் படிப்பவர் அந்த இராகத்தை முன்னரே கேட்டறிந்தவர் என்று நூல் எதிர்பார்க்கின்றது. கம்பிதம் என்று குறித்த இடத்தில் அசைவு எவ்வளவு அகலமானது, எத்தனை முறை நிகழ்வது என்பதைக் குருவிடமே கற்க வேண்டும். கணினிக்கு அவ்வாறு கேட்டறிந்த அனுபவம் இல்லை. அதற்கு எல்லாவற்றையும் எண்களாகத் தர வேண்டியுள்ளது.

ஒலித்தொகுப்பு முறைகள்

கணினியால் ஒலியை ஆக்கும் முயற்சி 1957 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய மியூசிக் என்னும் நிரலுடன் தொடங்கியது. அதன் பின்னர்த் தோன்றிய முறைகளுள் சில:

- கூட்டல் முறை: பல சைன் அலைகளைக் கூட்டி வேண்டிய ஒலித்தன்மையைப் பெறுதல்.
- கழித்தல் முறை: மேற்சுரங்கள் நிறைந்த அலையிலிருந்து வடிகட்டி மூலம் வேண்டாதவற்றை நீக்குதல். மூக் ஒலித்தொகுப்பி இவ்வகையினது.
- அதிர்வெண் பண்பேற்ற முறை: ஓர் அலையால் மற்றோர் அலையின் அதிர்வெண்ணை மிக வேகமாக மாற்றுதல். இசைக்கான இதன் பயனை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சவுனிங் 1967 இல் கண்டறிந்து 1973 இல் வெளியிட்டார். 1983 இல் வந்த யமாகா டிஎக்ஸ் 7 இம்முறையைப் பரவலாக்கியது.
- மாதிரி முறை: உண்மைக் கருவியின் ஒலித்துணுக்குகளைப் பதிந்து வெவ்வேறு சுருதியில் ஒலிக்கச் செய்தல்.
- இயற்பியல் மாதிரியாக்கம்: தந்தி, காற்றுத்தம்பம் முதலியவற்றின் அதிர்வைச் சமன்பாடுகளால் பின்பற்றுதல்.

வீணைக்கும் தம்புராவுக்கும் மாதிரியாக்கம் செய்வோர் எதிர்கொள்ளும் தனிச்சிக்கல் ஒன்றைச் ச. வெ. இராமன் 1921 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். ஒரு தந்தியை ஏதேனும் ஒரு மேற்சுரத்தின் கணு இருக்கும் இடத்தில் மீட்டினால் அம்மேற்சுரம் ஒலிக்காது என்பது யங், எல்ம்ஹோல்ட்சு ஆகியோரின் விதி. வீணையிலும் தம்புராவிலும் இவ்விதி பொருந்தவில்லை என இராமன் காட்டினார். இக்கருவிகளின் குதிரை கூர்மையான விளிம்பாக இல்லாமல் அகன்று வளைந்திருப்பதால், அதிரும் தந்தி அதன் மேற்பரப்பைத் திரும்பத் திரும்பத் தொடுகின்றது. இதனால் மேற்சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. தம்புராவின் குதிரையில் வைக்கப்படும் ஜீவாளி நூல் இவ்விளைவை மிகைப்படுத்துகின்றது. எளிய தந்தி மாதிரியில் இத்தொடுகை இல்லாததால், அது கிட்டார் போல ஒலிக்குமேயன்றித் தம்புரா போல ஒலிக்காது.

மீட்டிய தந்தியின் ஒலியை மிகச் சிக்கனமாக ஆக்கும் படிமுறை ஒன்றை கெவின் கார்பிளஸ், அலெக்சாண்டர் ஸ்ட்ராங் ஆகியோர் 1983 இல் வெளியிட்டனர். இதில் தற்போக்கான எண்களால் நிரப்பிய ஒரு வரிசை திரும்பத் திரும்பப் படிக்கப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் அடுத்தடுத்த இரண்டு எண்களின் சராசரி அவ்விடத்தில் எழுதப்படுகின்றது. வரிசையின் நீளமே சுருதியைத் தீர்மானிக்கின்றது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எனக் கொண்டால், 200 எண்கள் கொண்ட வரிசை ஏறத்தாழ 219.95 ஹெர்ட்ஸையும், 199 எண்கள் கொண்டது 221.05 ஹெர்ட்ஸையும் தரும். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 9 சென்ட் இடைவெளி உள்ளது. மேல்ஸ்தாயியில் இது இன்னும் பெரிதாகும். 880 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு படி ஏறத்தாழ 35 சென்ட் ஆகிவிடும். நிலையான சுரத்துக்குச் சிறு சுருதிப் பிழையாக மட்டும் தோன்றும் இது, கமகத்தில் வழுக்குப் பாதையைப் படிக்கட்டாக மாற்றிவிடுகின்றது. வரிசை நீளத்தைப் பின்னமாகக் கொள்ளும் வடிகட்டிகளைச் சேர்ப்பதால் இது தீர்க்கப்படுகின்றது.

மிடித் தரமும் அதன் எல்லையும்

வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகளை இணைக்க 1983 இல் மிடி என்னும் தரம் உருவாக்கப்பட்டது. இதில் சுரங்கள் 0 முதல் 127 வரையான எண்களால் குறிக்கப்படுகின்றன. 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் எண் 69 ஆகும். ஒரு கட்டையை அழுத்தியதும் சுர எண்ணும் அழுத்தத்தின் அளவும் அனுப்பப்படுகின்றன.

மிடியால் கமகத்தைக் கொண்டுசெல்லவே இயலாது என்னும் கருத்து முழுமையாகச் சரியன்று. சுரத்தை வளைக்கும் கட்டளை ஒன்று அதில் தொடக்கம் முதலே உள்ளது. அது 16,384 படிகளைக் கொண்டது. வழக்கமான அமைப்பில் மேலும் கீழும் 200 சென்ட் வரை வளைக்கும்போது ஒரு படி 0.03 சென்ட்டினும் குறைவு. நொடிக்கு 31,250 பிட்டுகள் செல்லும் இணைப்பில் ஒரு வளைவுக் கட்டளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லி நொடி போதும். எனவே நுண்மையிலும் வேகத்திலும் குறை இல்லை.

சிக்கல் வேறு மூன்று இடங்களில் உள்ளது. முதலாவதாக, வளைவுக் கட்டளை ஒரு தடத்திலுள்ள எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கின்றது. இரண்டாவதாக, விசைப்பலகையில் வளைவுக்கான சக்கரம் கட்டைகளிலிருந்து தனியே இருப்பதால் ஒரு கை அதற்கே தேவைப்படுகின்றது. மூன்றாவதாக, எந்தச் சுரத்தை எப்பாதையில் வளைப்பது என்பதை மிடிக் கோப்பு தானாக அறியாது. ஒருவர் வாசித்தோ எழுதியோ தர வேண்டும். முதல் சிக்கலுக்கு, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தடத்தில் அனுப்பும் விரிவாக்கம் 2018 இல் ஏற்கப்பட்டது. 2020 இல் வெளியான மிடி 2.0 சுரத்துக்குச் சுரம் தனி வளைவை அனுமதிக்கின்றது. மூன்றாவது சிக்கல் தரங்களால் தீர்வதன்று.

இந்தியாவில் வளர்ச்சி

அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969 இல் மூக் ஒலித்தொகுப்பி ஒன்றைக் கொண்ட இசைக்கூடம் அமைக்கப்பட்டது. அமெரிக்க இசையாளர் டேவிட் டியூடர் அதனை நிறுவ உதவினார். அங்கு 1969 முதல் 1972 வரை பதியப்பட்ட ஆக்கங்கள் 2023 இல் தொகுத்து வெளியிடப்பட்டன.

கருநாடக இசைக் கலைஞரிடையே பரவலாக ஏற்கப்பட்ட முதல் மின்னணு ஒலிக்கருவி சுருதிக்கானது. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் உருவாக்கிய மின்னணுத் தம்புரா 1979 இல் சென்னை மியூசிக் அகாதமி மாநாட்டில் காட்டப்பட்டது. அவர் தொடங்கிய ரேடல் நிறுவனம் பின்னர்த் தாளக் கருவிகளையும் வெளியிட்டது. சுருதிக் கருவி ஏற்கப்பட்டதற்கான காரணம் தெளிவானது. தம்புராவின் பணி அசையாமல் நிற்பது. அதற்குக் கமகம் தேவையில்லை.

திரையிசையில் 1980களில் ஒலித்தொகுப்பிகள் பெருகின. இளையராஜாவின் இசையில் 1986 இல் வெளியான புன்னகை மன்னன், கணினி வழியாகச் சுரங்களை வரிசைப்படுத்தும் முறையைப் பயன்படுத்திய தொடக்ககாலத் தமிழ்த் திரைப்படங்களுள் ஒன்று. ஏ. ஆர். ரகுமான் 1989 இல் சென்னையில் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992 இல் ரோஜா வெளிவந்தது. திரையிசையில் கமகம் வேண்டிய இடங்களைப் பாடகர்களும் வீணை, புல்லாங்குழல், நாதசுவரம் முதலிய கருவிகளை வாசிப்போரும் நிரப்பினர். இதனால் கமகத்தைத் தொகுப்பி மூலமே ஆக்க வேண்டிய கட்டாயம் அங்கு எழவில்லை.

கமகத்துக்கான மென்பொருள்கள்

காயகா

எம். சுப்பிரமணியன் என்பவர் உருவாக்கிய காயகா, கருநாடக இசைக்கென்றே எழுதப்பட்ட ஒலித்தொகுப்பு மென்பொருள் ஆகும். சுரக் குறியீட்டை உரையாகத் தட்டச்சு செய்தால் அது இசையாக ஒலிக்கும். கமகத்தை ஒரு சுரத்தின் கால அளவுக்குள் அமையும் குறுகிய சுருதி நகர்வுகளின் தொடராக எழுதிக் காட்டலாம். கணினியில் கருநாடக இசையை உருவாக்குதல், கமகங்களைக் கணினியால் பகுத்தாய்தல், தோடி இராகத்தின் பகுப்பும் தொகுப்பும் ஆகியவை பற்றி இவர் எழுதிய கட்டுரைகள் சங்கீத நாடக அகாதமியின் சங்கீத் நாடக் இதழில் 1999, 2002, 2007 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. தோடியை எடுத்துக்கொண்டது குறிப்பிடத்தக்கது. சுரத்தான மதிப்புகளை மட்டும் தந்தால் மிகுதியாகச் சிதையும் இராகங்களுள் அதுவும் ஒன்று.

மேடையும் ஆட்டமும்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் செய்த முனைவர் பட்ட ஆய்வு, எளிய சுரக் குறியீட்டிலிருந்து கமகத்தோடு கூடிய இசையைத் தொகுப்பது பற்றியது. இவரும் உடன் ஆய்வாளர்களும் 2012 இல் முன்வைத்த மாதிரி கமகத்தை இரு கூறுகளாகப் பிரிக்கின்றது. முதற்கூறு, இசை தங்கிச் செல்லும் சுருதிகளின் மெதுவான நகர்வு; இது மேடை எனப்படுகின்றது. இரண்டாவது, அம்மேடையைச் சுற்றி நிகழும் ஊசல்; இது ஆட்டம் எனப்படுகின்றது. இரண்டையும் கூட்டினால் முழுச் சுருதிப் பாதை கிடைக்கும்.

இதற்கு முந்தைய 2011 ஆம் ஆண்டுக் கட்டுரை வேகம் இரட்டிப்பாகும்போது கமகத்துக்கு நேர்வதை ஆராய்ந்தது. ஒரு வர்ணத்தை இரண்டாம் காலத்தில் பாடும்போது முதற்காலத்தின் அசைவுகள் அப்படியே பாதி நேரத்துக்குச் சுருங்குவதில்லை. கலைஞர்கள் சில அசைவுகளை விட்டுச் சிலவற்றைக் காக்கின்றனர். பதிவை வேகப்படுத்தி ஒலிக்கும்போது இசை செயற்கையாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

சுருதிகளின் எண்ணிக்கை பற்றிய விவாதம்

ஸ்தாயியில் உள்ள சுருதிகள் எத்தனை என்பது நெடுநாள் விவாதம். 22 என்பது பரவலான மரபு. சாம்பவர் வடகரையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் நூலில் அவை 24 என வாதிட்டார். ஒலித்தொகுப்பில் ஈடுபடும் நிரலாளர்கள் சரியான சுருதி அட்டவணையைக் கணினிக்குக் கொடுத்துவிட்டால் கருநாடக இசை வந்துவிடும் என எண்ணுவது உண்டு.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் அரவிந்த் கிருஷ்ணசாமி 2003 இல் வெளியிட்ட அளவீடுகள் இதற்கு மாறான முடிவைத் தந்தன. நிலையாக நிற்கும் சுரங்களில் அவர் 12 இடைவெளிகளையே தெளிவாகக் கண்டார். அதற்கு மேற்பட்ட வேறுபாடுகளைச் சுருதியின் அசைவு கொண்டு விளக்கினார். தூய பஞ்சமத்துக்கும் சம பகுப்புப் பஞ்சமத்துக்கும் உள்ள வேறுபாடு 2 சென்ட் மட்டுமே. தோடிக் காந்தாரத்தின் அசைவோ நூற்றுக்கணக்கான சென்ட் அகலம் கொண்டது. எனவே ஒலித்தொகுப்பைப் பொறுத்தவரை அட்டவணையைத் திருத்துவதினும் பாதையை எழுதுவதே பெரிய மாற்றத்தைத் தருகின்றது.

எளிய செய்முறை

கட்டற்ற மென்பொருள்களான சிசவுண்ட், பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர் ஆகியவற்றைக் கொண்டோ ஏதேனும் ஒரு நிரலாக்க மொழியைக் கொண்டோ கமக ஒலித்தொகுப்பைச் செய்து பார்க்கலாம். தோடிக் காந்தாரத்துக்கான எளிய பாதை ஒன்று கீழே தரப்படுகின்றது. இவ்வெண்கள் விளக்கத்துக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. எந்தக் கலைஞரின் பாடலிலும் அளக்கப்பட்டவை அல்ல.

- 0 மில்லி நொடி: 120 சென்ட் (280.4 ஹெர்ட்ஸ்)
- 180 மில்லி நொடி: 480 சென்ட் (345.2 ஹெர்ட்ஸ்)
- 360 மில்லி நொடி: 120 சென்ட்
- 540 மில்லி நொடி: 480 சென்ட்
- 720 மில்லி நொடி: 120 சென்ட்

இதனைச் செயற்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் ஒலி அபாயச் சங்கு போலக் கேட்கும். கோசைன் வளைவால் இணைத்தால் சுருதி இரு முனைகளிலும் சற்றுத் தங்கிச் செல்லும்.
2. இடைப்பட்ட மதிப்புகளை ஹெர்ட்ஸில் கணக்கிடாமல் சென்ட்டில் கணக்கிட்டுப் பின் மாற்ற வேண்டும். செவி சுருதியை விகிதமாக உணர்கின்றது.
3. மாறும் அதிர்வெண்ணை நேரத்தால் பெருக்கி நேரடியாகச் சைன் சார்பில் இடுவது பிழையாகும். அதிர்வெண் என்பது கட்டத்தின் மாறுவீதம். ஆகவே ஒவ்வொரு மாதிரிக்கும் அவ்வேளைக்குரிய அதிர்வெண்ணுக்கு ஏற்பக் கட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்ல வேண்டும். இவ்வாறு செய்யாவிடில் நேரம் செல்லச் செல்லச் சுருதி எல்லை மீறி அலையும்.
4. இரண்டாம் காலத்துக்கு ஐந்து புள்ளிகளையும் 360 மில்லி நொடிக்குள் நெருக்கினால் நடுக்கமே கேட்கும். இடைவெளியை 180 மில்லி நொடியாகவே வைத்து முதல் மூன்று புள்ளிகளை மட்டும் கொள்வது பாடும் முறைக்கு நெருக்கமானது.
5. பின்னணியில் ஷட்ஜமும் பஞ்சமமும் ஒலிக்க வேண்டும். ஆதாரச் சுருதி இல்லாமல் காந்தாரத்தைச் செவி இனங்காண்பது கடினம்.

உண்மையான பாடலின் பாதையை அறிய பிராட், சோனிக் விசுவலைசர் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் பயன்படுகின்றன. பக்கவாத்தியங்கள் இல்லாத பதிவில் இவை சுருதியை வரைபடமாகக் காட்டும். தோடியைப் பாடிய பதிவொன்றை இவ்வாறு காணும்போது, காந்தாரத்துக்குரிய 300 சென்ட் கோட்டை வரைகோடு பலமுறை கடந்து செல்வதையும் அதில் அரிதாகவே தங்குவதையும் காணலாம்.

வாசிப்பு இடைமுகங்கள்

மென்பொருளில் பாதையை எழுதுவது ஒரு வழி. விரலாலேயே பாதையை வரைவது மற்றொரு வழி. சென்னையைச் சேர்ந்த கே. சத்தியநாராயணன் போன்றோர் வழக்கமான விசைப்பலகையில் வளைவுச் சக்கரத்தைக் கொண்டு கமகங்களை வாசித்துக் கச்சேரி செய்துள்ளனர். லிப்போல்ட் ஆக்கன் உருவாக்கிய கண்டினியம் என்னும் கருவியில் கட்டைகளுக்கு மாறாகத் தொடர்ச்சியான மென்பரப்பு உள்ளது. இதனை ஏ. ஆர். ரகுமான் 2009 இல் வெளியான டெல்லி 6 திரைப்படத்தின் பாடலொன்றில் வாசித்துள்ளார். ஐபேடில் இயங்கும் ஜியோசிரெட் என்னும் செயலி இயற்பியல் மாதிரியாக்கத்தைப் பயன்படுத்துகின்றது. மகேஷ் ராகவன் இச்செயலியைக் கொண்டு கருநாடக இசையை வாசித்து வருகின்றார். இவற்றில் கமகம் வாசிப்பவரின் விரலில் இருப்பதால் கணினிக்கு இராக அறிவு தேவைப்படுவதில்லை.

தரவும் இயந்திரக் கற்றலும்

பார்சலோனாவின் பொம்பேயு பாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011 இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம், கருநாடக இசை உட்பட ஐந்து இசை மரபுகளைக் கணினி மூலம் ஆராய்ந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்களும் இதில் பங்கேற்றனர். இத்திட்டத்தின் 2012 ஆம் ஆண்டுப் பட்டறையில் டி. எம். கிருஷ்ணா, விக்னேஷ் ஈஸ்வர் ஆகியோர் அளித்த கட்டுரை, சுரம், கமகம், சுரத்தொடர் ஆகியவற்றை இராகத்தின் அடையாளத்தோடு இணைத்து விளக்கியது. பொறியாளர்கள் சுரத்தை ஒரு எண்ணாகக் கொள்வதிலிருந்து விலக இத்தகைய கூட்டு முயற்சிகள் உதவின.

அண்மைக்கால ஆய்வுகள் கமக விதிகளை எழுதுவதற்கு மாறாகப் பதிவுகளிலிருந்து பாதைகளைக் கற்கும் வழியை நாடுகின்றன. இதற்குக் குரல் தனியாகவும் வயலின், மிருதங்கம் தனியாகவும் பதியப்பட்ட ஒலித்தரவு பெருமளவில் தேவை. கச்சேரிப் பதிவுகளில் வயலின் குரலைப் பின்தொடர்வதால் இரண்டின் சுருதிப் பாதைகளும் பின்னிக் கிடக்கின்றன.

தீராத சிக்கல்கள்

- பாணி: ஒரே கிருதியின் ஒரே சுரத்தை வெவ்வேறு குரு மரபினர் வெவ்வேறு அசைவுடன் பாடுகின்றனர். மென்பொருள் ஒரு பாதையை மட்டும் கொண்டால் அதுவே சரியானது என்னும் எண்ணத்தைக் கற்போரிடம் ஏற்படுத்தக்கூடும்.
- சூழல்: ஒரு சுரத்தின் கமகம் அதற்கு முன்னும் பின்னும் வரும் சுரங்களைப் பொறுத்தும் மாறுகின்றது. சுரத்துக்கு ஒன்று எனக் கமகத்தைச் சேமிப்பது போதாது.
- சாகித்தியம்: பாடலில் சொல்லின் எழுத்துகள் அசைவின் இடத்தைத் தீர்மானிப்பதில் பங்கு கொள்கின்றன. தமிழ்ச் சொற்களைப் பாடும் குரல் தொகுப்புக்கு நெடில், குறில், வல்லின மெய் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.
- கற்பித்தல்: ஆசிரியர் அருகில் இல்லாதோர் விசைப்பலகை, கைபேசிச் செயலி ஆகியவற்றின் துணையுடன் வரிசைகளைக் கற்கின்றனர். கமகம் இல்லாத ஒலியைத் தொடர்ந்து கேட்டுப் பழகியோர் பின்னர் அசைவுகளைச் சேர்த்துக்கொள்வது கடினம் என்பது இசை ஆசிரியர்கள் பலர் கூறும் குறையாகும்.

எட்டயபுரம் நூல் தன் அடையாளங்களை அறிந்த வாசகரை நம்பி எழுதப்பட்டது. அவ்வாசகரின் செவியறிவில் எவ்வளவைக் கணக்கீட்டுக்குள் கொண்டுவர இயலும் என்பதையே கமக ஒலித்தொகுப்பு ஆராய்கின்றது. மேலே கண்ட மென்பொருள்களும் மாதிரிகளும் கருவிகளும் இதன் வெவ்வேறு பகுதிகளுக்கு விடை தந்துள்ளன. எல்லா இராகங்களுக்கும் எல்லாப் பாணிகளுக்கும் பொருந்தும் தீர்வு இன்னும் எட்டப்படவில்லை.